பல்சுவர் கார்பன் நானோகுழாய்: ஒன்றுக்குள் ஒன்று, ஆனால் ஒட்டாமல்

பல்சுவர் கார்பன் நானோகுழாயை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். கருகருவென்று ஒரு பொடி, அவ்வளவுதான். எஃகைவிடப் பல மடங்கு வலிமையானது, செம்பைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்துவது என்றெல்லாம் படித்த பொருள் இதுதானா என்று தோன்றும். இதுதான். ஆனால் அந்தப் பெருமையெல்லாம் தனித்தனிக் குழாய்க்குச் சேர வேண்டியது, பொடிக்கு அல்ல. அந்தக் குழாயிலும் எந்தச் சுவருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்தால் கணக்கு இன்னும் மாறும். ஏனென்றால் இந்தக் குழாயின் சுவர்கள் ஒன்றுக்குள் ஒன்று நெருக்கமாக இருக்கின்றனவே தவிர, ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது மிகக் குறைவு. இதன் பலம், பலவீனம், பயன், ஆபத்து என எதை எடுத்தாலும் அதில் இந்த ஒட்டாத தன்மைக்கு ஒரு பங்கு உண்டு.

சுவர் என்றால் எது?

கார்பன் அணு ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ள மூன்று அணுக்களோடு பிணைந்து, அறுகோணம் அறுகோணமாகப் பரவி, ஓர் அணு தடிமனுள்ள தாளாக நிற்கும். இதுதான் கிராஃபீன். இந்தத் தாள்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கடுக்காக இருந்தால் அது கிராஃபைட். ஒரே தாளுக்குள் அணுவுக்கும் அணுவுக்கும் இடைவெளி 0.142 நானோமீட்டர். இங்கே இருப்பது சகப்பிணைப்பு, இயற்கையில் உள்ள மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே 0.335 நானோமீட்டர் இடைவெளி. இங்கே சகப்பிணைப்பு கிடையாது, வாண்டர் வால்ஸ் விசை எனப்படும் மெல்லிய ஈர்ப்பு மட்டுமே. பென்சிலால் எழுத முடிவதே தாள்கள் இப்படி எளிதில் வழுக்கி உதிர்வதால்தான்.

ஒரு கிராஃபீன் தாள் உருளையாகி, விளிம்புகள் தையலே தெரியாமல் சேர்ந்துகொண்ட அமைப்புதான் ஒற்றைச்சுவர் நானோகுழாய். அதைச் சுற்றி இன்னோர் உருளை, அதைச் சுற்றி இன்னொன்று என்று இருந்தால் பல்சுவர். இரண்டு சுவரும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். சந்தையில் கிடைப்பவற்றின் வெளிவிட்டம் பெரும்பாலும் பத்து இருபது நானோமீட்டர் அளவில் இருக்கும், நீளம் சில மைக்ரோமீட்டர் முதல் பல பத்து மைக்ரோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்குதான் நானோமீட்டர். ஆக, விட்டத்தைவிட நீளம் ஆயிரம் மடங்கு என்பது இங்கே சாதாரணம். இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு பல்சுவர்க் குழாயைப் பார்த்தால் நடுவில் வெளிர்நிறத்தில் ஒரு பட்டை தெரியும். அது குழாயின் உள்வெற்றிடம். அதன் இருபுறமும் இணைகோடுகளாகக் கருங்கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் பக்கவாட்டில் தெரியும் ஒரு சுவர். ஒரு பக்கத்துக் கோடுகளை எண்ணினால் அந்தக் குழாய்க்கு எத்தனை சுவர் என்று தெரிந்துவிடும், மறுபக்கத்திலும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். 1991இல் ஜப்பானின் என்ஈசி ஆய்வகத்தில் சுமியோ ஐஜிமா இப்படித்தான் எண்ணினார். மின்வில்லில் கிராஃபைட் கம்பியை எரித்தபோது படிந்த கரியில் 2 முதல் 50 சுவர்கள் கொண்ட குழாய்களை அவர் கண்டார். 1952இலேயே சோவியத் ஆய்வாளர்கள் ரதுஷ்கேவிச்சும் லுக்யானோவிச்சும் இத்தகைய கார்பன் இழைகளின் படங்களை வெளியிட்டுவிட்டார்கள், 1976இல் மொரினோபு எண்டோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். இருந்தாலும் ஐஜிமாவின் கட்டுரை வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. யார் முதலில் என்ற சண்டையில் நான் ஐஜிமாவுக்கும் கொஞ்சம் இடம் கொடுப்பேன். குழாய் இருக்கிறது என்று சொன்னதோடு நிற்காமல், எலக்ட்ரான் கற்றை சிதறும் ஒழுங்கை (விளிம்பு விளைவு) வைத்து அணுக்கள் அதில் எப்படிச் சுற்றிச் செல்கின்றன என்பதையும் அவர் காட்டினார்.

அந்தக் கருங்கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 0.34 நானோமீட்டர், கிராஃபைட்டில் இருப்பதைவிட ஒரு துளி அதிகம். காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு சுவரைவிட அதற்கு வெளியே உள்ள சுவரின் விட்டம் 0.68 நானோமீட்டர் கூடுதல். அப்படியானால் சுற்றளவு சுமார் 2.1 நானோமீட்டர் கூடுதல். அந்தக் கூடுதல் சுற்றளவில் கூடுதல் அறுகோணங்கள் உட்கார்ந்திருக்கும். கிராஃபைட்டில் மேல்தாளின் அணுக்கள் கீழ்த்தாளின் அணுக்களோடு ஓர் ஒழுங்கில் பொருந்தி உட்காரும். இங்கே உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் அறுகோண எண்ணிக்கையே வேறு என்பதால், சுற்றிலும் எல்லா இடத்திலும் அப்படிப் பொருந்த வழியே இல்லை. பொருந்தாததால் பள்ளத்தில் மேடு மாட்டிக்கொள்ளும் சிக்கலும் இல்லை, கிராஃபைட்டில் தாள்கள் வழுக்குவதைவிட இங்கே சுவர்கள் இன்னும் இலகுவாக வழுக்கும்.

இழுத்துப் பார்த்தபோது

2000ஆம் ஆண்டில் மின்-ஃபெங் யூ, ராட்னி ரூஃப் முதலானோர் அடங்கிய குழு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே ஓர் இழுவைச் சோதனை நடத்தியது. அணுவிசை நுண்ணோக்கியின் இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே ஒரே ஒரு பல்சுவர்க் குழாயைப் பற்றவைத்து, அறுந்துபோகும்வரை இழுத்தார்கள். 19 குழாய்களில் கிடைத்த இழுவிசை வலிமை 11 முதல் 63 கிகாபாஸ்கல் வரை (விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்துச் சொல்லும் அலகு இது). நல்ல உயர்வலிமை எஃகுக் கம்பியே இரண்டு மூன்று கிகாபாஸ்கலில் அறுந்துவிடும். குழாயின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எண்கள் மலைக்க வைக்கும்.

ஆனால் அறுந்த விதத்தைப் பாருங்கள். வெளிச்சுவர் மட்டும்தான் அறுந்தது. உள்சுவர்கள் முழுசாக, உறையிலிருந்து உருவிய வாளாக வெளியே வந்துவிட்டன. பிடித்து இழுத்தது வெளிச்சுவரை. அந்த இழுவிசை உள்ளே இருப்பவற்றுக்குப் போய்ச்சேர நடுவில் ஒரு பிடிமானம் வேண்டும், அதுதான் இல்லையே. அதனால் ஆய்வாளர்கள் வலிமையைக் கணக்கிட்டபோது வெளிச்சுவரின் குறுக்குவெட்டுப் பரப்பை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள்.

இது என்ன வித்தியாசத்தை உண்டாக்கும்? 20 நானோமீட்டர் வெளிவிட்டமும் 20 சுவர்களும் கொண்ட ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவரின் விட்டம் 20, அடுத்ததற்கு 19.3, இப்படியே குறைந்து கடைசி உள்சுவருக்கு ஏறத்தாழ 7. எல்லாச் சுவர்களின் பரப்பையும் கூட்டினால் அதில் வெளிச்சுவரின் பங்கு 7.4 சதவீதம்தான். வெளிச்சுவர் 50 கிகாபாஸ்கல் தாங்கும் என்று வைத்துக்கொண்டாலும், மொத்தப் பரப்புக்கும் பகிர்ந்தால் 3.7 கிகாபாஸ்கலில் வந்து நிற்கும். மோசமில்லை, ஆனால் விளம்பரங்களில் வரும் எண்ணும் இல்லை. பூமியிலிருந்து விண்வெளிக்கு நானோகுழாய்க் கயிறு கட்டி மின்தூக்கி விடலாம் என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த 7.4 சதவீதம்தான் ஞாபகம் வரும்.

சுவர்களை ஒன்றோடொன்று இணைக்க முடியாதா? முடியும். உயர் ஆற்றல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சினால் சில அணுக்கள் இடம்பெயர்ந்து பக்கத்துச் சுவரோடு பிணைந்துகொள்ளும். 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில் இந்த வழியில் உள்சுவர்களையும் சுமைதாங்க வைத்துக் காட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் சுவரில் ஒரு குறைதான், அளவு மீறினால் சுவரே கெட்டுவிடும். நுண்ணோக்கிக்குள் ஒரு குழாய்க்குச் செய்வது வேறு, டன் கணக்கில் செய்வது வேறு என்பதையும் சொல்லத் தேவையில்லை.

இதே ஒட்டாத தன்மை இன்னோர் இடத்தில் வரமாகிவிட்டது. அதே 2000ஆம் ஆண்டில் பெர்க்லியில் ஜான் கமிங்ஸும் அலெக்ஸ் செட்டலும் ஒரு பல்சுவர்க் குழாயின் நுனி மூடியைத் திறந்து, உள்சுவர்களை மெல்ல வெளியே இழுத்தார்கள். விட்டதும் அவை தாமாகவே உள்ளே போய்விட்டன. வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, தடுப்பதற்கு உராய்வு ஏறக்குறைய இல்லை. பலமுறை இழுத்துவிட்ட பிறகும் அணு அளவில் தேய்மானம் எதுவும் தென்படவில்லை. மூன்று ஆண்டு கழித்துச் செட்டலின் குழு பல்சுவர்க் குழாயையே அச்சாகவும் பேரிங்காகவும் வைத்து, தங்கத் தகடு ஒன்று சுழலும் நானோ மோட்டாரைச் செய்துகாட்டியது. அதற்கு இன்றுவரை பெரிய பயன் எதுவும் வரவில்லை என்பது வேறு விஷயம். எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை இதுதான்.

மின்சாரமும் வெப்பமும்

ஒற்றைச்சுவர்க் குழாய்களில் தாள் எந்தச் சாய்வில் சுருண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, சுமார் மூன்றில் ஒன்று உலோகமாகவும் மற்றவை குறைகடத்தியாகவும் இருக்கும். பல்சுவரில் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. பல சுவர்களில் சிலவாவது உலோகத்தன்மையோடு இருந்துவிடும். தவிர, விட்டம் பெரிதாகப் பெரிதாகக் குறைகடத்திச் சுவரில் மின்சாரம் ஓட எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளியும் சுருங்கிவிடும். ஆகவே மொத்தத்தில் பல்சுவர்க் குழாய் ஒரு கடத்தி என்றே வைத்துக்கொள்ளலாம். டிரான்சிஸ்டர் செய்ய நினைப்பவருக்கு இது உதவாது, மின்சாரம் ஓடினால் போதும் என்பவருக்கு இதுதான் சௌகரியம்.

எவ்வளவு மின்சாரம் தாங்கும்? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூறு கோடி ஆம்பியர் என்ற அளவில் சொல்வார்கள். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 10 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய்க்கு இதைக் கணக்கிட்டால் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் வரும். ஆனால் அதே தடிமனில் செம்புக் கம்பி இருந்தால் அதற்கு வெகுமுன்பே அதன் அணுக்கள் இடம்பெயர்ந்து கம்பி அறுந்திருக்கும்.

தாங்கும் எல்லையையும் தாண்டி மின்னோட்டத்தை ஏற்றினால் என்ன ஆகும்? 2001இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் காற்றில் வைத்து இதைப் பார்த்தார்கள். குழாய் ஒரேயடியாக எரிந்துபோகவில்லை. மின்னோட்டம் படிப்படியாக, ஏறக்குறைய சமமான படிகளாக இறங்கியது. ஒவ்வொரு படியும் ஒரு சுவர் போன கணக்கு, வெளியிலிருந்து உள்நோக்கி. சுவர்கள் தனித்தனி என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி கிடையாது.

வெப்பத்துக்கு வருவோம். தனிப் பல்சுவர்க் குழாய் ஒன்றின் வெப்பக் கடத்துத்திறன் அறை வெப்பநிலையில் மீட்டர் கெல்வினுக்கு 3000 வாட்டுக்கு மேல் என்று 2001இல் அளந்தார்கள். செம்புக்கு அது 400. ஆனால் குழாய்களைப் பாயாகப் பரப்பினாலோ பிளாஸ்டிக்கில் கலந்தாலோ இந்த எண் தலைகீழாக விழுந்துவிடும். ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்கு அதிர்வுகளாகச் செல்லும் வெப்பம் ஒவ்வொரு சந்திப்பிலும் தடுமாறுகிறது. எலக்ட்ரான்கள் அப்படியல்ல, இரு குழாய்கள் தொட்டும் தொடாமல் இருந்தாலே தாண்டிவிடும். அதனால், நானோகுழாய் கலந்ததால் மின்கடத்தல் கூடியது என்று யாராவது சொன்னால் எளிதில் நம்பலாம். வெப்பக் கடத்தல் பல மடங்கு கூடியது என்றால் சோதனை விவரத்தைக் கேட்பது நல்லது.

செய்வது எப்படி, பிரிப்பது எப்படி

மின்வில் முறையில் நல்ல தரமான குழாய் கிடைக்கும், ஆனால் அளவு குறைவு. இன்று தொழிற்சாலைகளில் ஓடுவது வேதி ஆவிப் படிவு முறை. அலுமினா அல்லது மெக்னீசியம் ஆக்சைடு துகள்களின் மேல் இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களை நானோ அளவில் பதித்து, 600 முதல் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எத்திலீன், மீத்தேன் போன்ற வாயுவைச் செலுத்துவார்கள். வாயு உலோகத்தின் மேல் சிதைந்து, கார்பன் குழாயாக வளரத் தொடங்கும். உலோகத் துகள் எவ்வளவு பெரிதோ ஏறக்குறைய அந்த அளவுக்குக் குழாய் தடிமனாகும். ஒற்றைச்சுவரை வளர்க்க மிகச் சிறிய துகள்களை உருகிச் சேராமல் காப்பாற்ற வேண்டும். பல்சுவருக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பது இதனால்தான்.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து கட்டி கட்டியாக இருக்கும். அந்தக் கட்டியை அப்படியே பிசினில் கலந்தால் வலிமை கூடாது, குறையும். அதனால் கேளா ஒலி அலையால் உலுக்குவது, சோப்புத்தன்மையுள்ள வேதிப்பொருளைச் சேர்ப்பது, நைட்ரிக், சல்ஃபூரிக் அமிலக் கலவையில் வைத்துச் சுவரில் பிசினோடு ஒட்ட உதவும் கார்பாக்சில் தொகுதிகளை ஏற்றுவது என்று பல வழிகள். அமிலம் சுவரை ஓட்டை போட்டுத்தான் அந்தத் தொகுதிகளைப் பொருத்துகிறது. ஒற்றைச்சுவர்க் குழாய்க்கு இருப்பதே ஒரு சுவர், அதிலும் ஓட்டை விழுந்தால் மின்கடத்தும் குணம் போய்விடும். பல்சுவரில் வெளிச்சுவர் அடிவாங்கிக்கொண்டு பிசினோடு ஒட்டும், உள்சுவர்கள் அப்படியே இருக்கும். இழுக்கும்போது நமக்குக் கைகொடுக்காத அதே உள்சுவர்கள் இங்கே கைகொடுக்கின்றன.

எங்கே பயன்படுகிறது?

மின்கடத்தும் பிளாஸ்டிக்கில்தான் இது முதலில் காசு பார்த்தது. ஐஜிமாவின் கட்டுரைக்கு முன்பே, 1987இல், ஹைப்பீரியன் கேட்டலிசிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கார்பன் நுண்ணிழைகளுக்குக் காப்புரிமை பெற்றிருந்தது. இன்று நாம் பல்சுவர் நானோகுழாய் என்று சொல்வதுதான் அது. நைலானில் அதைக் கலந்து காரின் எரிபொருள் குழாய்கள் செய்தார்கள். பிளாஸ்டிக் குழாய்க்குள் பெட்ரோல் ஓடும்போது உரசலால் நிலைமின்னூட்டம் சேரும். சேர்ந்தது எங்காவது பொறியாகத் தெறித்தால் ஆபத்து. குழாய் கொஞ்சம் மின்சாரம் கடத்தினால் அது சேராமல் வடிந்துவிடும்.

இதற்குக் கார்பன் பிளாக் என்ற சாதாரணக் கரித்தூள் போதாதா? போதும், ஆனால் அது உருண்டைத் துகள். பிளாஸ்டிக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துகள்கள் தொட்டுக்கொண்டு ஒரு பாதை உருவாக வேண்டுமென்றால் எடையில் பத்து, பதினைந்து சதவீதம், சிலசமயம் அதற்கும் மேல் போட வேண்டியிருக்கும். அவ்வளவு போட்டால் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று உடையும். நானோகுழாயோ விட்டத்தைவிட ஆயிரம் மடங்கு நீளம். கொஞ்சம் போட்டாலே குறுக்கும் நெடுக்குமாக விழுந்து ஒன்றையொன்று தொட்டுவிடும். நன்றாகப் பிரிந்திருந்தால் பல பிளாஸ்டிக்குகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவிலேயே மின்பாதை உருவாகிவிடுகிறது. சிப்புகளை வைத்து அனுப்பும் தட்டுகள், மின்னூட்டம் ஏற்றிப் பெயின்ட் அடிக்கும் கார் பாகங்கள் எல்லாம் இதே தத்துவம்தான்.

இப்போது பெரிய வாடிக்கையாளர் லித்தியம் அயனி பேட்டரி. அதன் நேர்முனையான கேத்தோடில் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் போன்ற பொருள்கள் லித்தியத்தைச் சேமிப்பதில் கெட்டி, எலக்ட்ரானைக் கடத்துவதில் சுமார். ஆகவே துகள்களுக்கிடையே எலக்ட்ரான் ஓடக் கரி சேர்ப்பார்கள். கரி ஆற்றலைச் சேமிக்காது, இடத்தை மட்டும் அடைக்கும். கார்பன் பிளாக்குக்குப் பதில் அதைவிட மிகக் குறைந்த அளவு நானோகுழாயைச் சேர்த்தால் அதே வேலை நடக்கும், மிச்சமான இடத்தில் ஆற்றல் சேமிக்கும் பொருளைக் கூடுதலாக வைக்கலாம். பேட்டரி ஆலைகள் பெரும்பாலும் இதைப் பொடியாக வாங்குவதில்லை, கரைப்பானில் ஏற்கெனவே பிரித்துவைத்த குழம்பாகத்தான் வாங்குகின்றன. குழாயை வளர்க்க வினையூக்கியாகப் பதித்த இரும்பு அதில் மிஞ்சியிருக்கக் கூடாது என்பதிலும் கறாராக இருப்பார்கள். அது பேட்டரிக்குள் கரைந்து எதிர்முனையில் போய்ப் படிந்தால் உட்குறுக்குச் சுற்று ஏற்பட இடமுண்டு.

மற்றவை சுருக்கமாக. எப்பாக்ஸி பிசினில் கலந்து டென்னிஸ் மட்டை, சைக்கிள் சட்டம் போன்றவை செய்கிறார்கள். விரிசல் பரவும் வேகத்தைக் குழாய்கள் குறைக்கும், ஆனால் சுமையைத் தாங்குவது அங்கே சாதாரணக் கார்பன் இழைதான். குழாய்களைக் காடாகச் செங்குத்தாக வளர்த்தால், உள்ளே நுழையும் ஒளி வெளியே வர வழியின்றி மாட்டிக்கொள்ளும். 2014இல் வந்த வான்டாபிளாக் பூச்சு விழும் ஒளியில் 99.965 சதவீதத்தை விழுங்குகிறது என்று அறிவித்தார்கள். இத்தகைய காட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் குழாய்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வரும், அதை முறுக்கி நூலே நூற்கிறார்கள். மின்காந்த அலைத் தடுப்பு, இறக்கைகளில் பனி உருக்கும் மெல்லிய ஹீட்டர் என்று பட்டியல் நீளும்.

மூச்சில் போனால்

பிளாஸ்டிக்குக்குள் உறைந்துவிட்ட நானோகுழாயால் பயன்படுத்துபவருக்கு உள்ள ஆபத்து மிகக் குறைவு. பொடியாகக் காற்றில் பறக்கும்போதுதான் கவலை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நீளமான, நேரான பல்சுவர்க் குழாய்களை எலிகளின் வயிற்றறையில் செலுத்தியபோது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகள் உண்டாக்கும் அதே வகை அழற்சி தோன்றியது. குட்டையான, சுருண்டு சிக்கிய குழாய்களில் அப்படி நேரவில்லை. உடலின் தூய்மைப்பணி செல்கள் சிக்குண்டை முழுசாக விழுங்கிவிடும், தங்களைவிட நீளமான ஊசியை விழுங்க முடியாமல் திணறும்.

நேராக நிற்குமா, சுருளுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தடிமன். சுவர்கள் கூடக்கூடக் குழாய் விறைக்கும், குறைந்தால் வளைந்து சுருளும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் கூடி ஆராய்ந்தபோது, எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற தடித்த, விறைப்பான ஒரு வகையை மட்டும் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. மற்ற வகைகளை முடிவுசெய்யச் சான்று போதாது என்று விட்டது. அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேர வேலைச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு மைக்ரோகிராம். பொடியைத் திறந்த மேசையில் வைத்து எடைபோடக் கூடாது, புகைப்பெட்டிக்குள் வைத்துத்தான் எடைபோட வேண்டும். சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். முடிந்தால் பொடியாக வாங்காமல் திரவத்தில் கலந்ததாகவோ, பிளாஸ்டிக் மணிகளில் சேர்த்ததாகவோ வாங்கிக்கொள்வது உத்தமம்.